வகுப்பறைச் சுவரில் பத்துக் கற்பனை: என் வேதம்தானே, ஏன் உறுத்துகிறது?

கேள்வி:

வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். நான் திருநெல்வேலிப் பக்கம் சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணமாகி வந்து பத்து வருஷமாக டல்லாஸ் புறநகரில் இருக்கிறோம். இங்கே ஒரு பாப்டிஸ்ட் சபைக்குப் போகிறோம். மகள் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. டெக்சஸில் புதுச் சட்டம் வந்து, செப்டம்பரில் அவள் வகுப்பில் பத்துக் கற்பனை (பத்துக் கட்டளைகள்) போஸ்டர் மாட்டினார்கள். போஸ்டர் வாங்கிக் கொடுக்கச் சபையில் காணிக்கை எடுத்தபோது நானும் 50 டாலர் கொடுத்தேன். சந்தோஷமாகத்தான் கொடுத்தேன்.

எதிர்வீட்டில் மதுரைக்காரர்கள். அவர்கள் பையனும் என் மகளும் ஒரே வகுப்பு. அவன் ஒருநாள் அம்மாவிடம், "சாமி சிலை வைக்கக்கூடாதுன்னு கிளாஸ்ல போட்டிருக்கு. நம்ம வீட்டுல பிள்ளையார் இருக்கறது டீச்சருக்குத் தெரிஞ்சா திட்டுவாங்களா?" என்று கேட்டிருக்கிறான். இப்போதெல்லாம் கூடப் படிக்கிற பிள்ளைகள் வந்தால் ஓடிப்போய்ப் பூஜை அலமாரிக் கதவைச் சாத்திவிடுகிறானாம். அந்த அக்கா என்னிடம் சண்டை எதுவும் போடவில்லை. ஆனால் சாயங்காலம் என்னோடு நடக்க வருவதை நிறுத்திவிட்டார்.

இது கிறிஸ்தவ நாடாக உண்டான தேசம், வேதத்தைப் பள்ளிக்குத் திரும்பக் கொண்டுவருகிறோம் என்கிறார் எங்கள் போதகர். அது உண்மையா? என் வேதம் சுவரில் இருப்பதில் என்ன தப்பு? இதற்கு எதிராக நான் பேசினால் அது என் விசுவாசத்தை மறுதலிப்பது ஆகாதா? என் சித்தப்பா வட இந்தியாவில் மிஷனரியாக இருக்கிறார். அவரிடம் போனில் சொன்னேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அதிலிருந்துதான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

டெக்சஸ் வாசகி

பதில் (2025 டிசம்பர்):

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சட்டத்துக்கு வருகிறேன். ஆனால் அந்தப் பையன் சாத்திவைக்கிற அலமாரிக் கதவை விட்டுவிட்டு என்னால் ஆரம்பிக்க முடியவில்லை.

எட்டு வயதுப் பிள்ளைக்கு வகுப்பறைச் சுவரில் இருப்பதெல்லாம் விதிதான். கையைத் தூக்கிவிட்டுப் பேசு, வரிசையில் நில், ஓடாதே. பெருக்கல் வாய்ப்பாடுகூட அவனுக்கு மாற்ற முடியாத சட்டம். அவற்றுக்கு நடுவே 16 அங்குல அகலம், 20 அங்குல உயரத்துக்குக் குறையாமல், சாதாரணப் பார்வை உள்ள யாரும் வகுப்பின் எந்த மூலையிலிருந்தும் படிக்கிற மாதிரி ஒரு போஸ்டர் இருக்க வேண்டும் என்று எஸ்.பி. 10 என்ற அந்தச் சட்டம் சொல்கிறது. அதில் "என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்கவேண்டாம்" என்றும், விக்கிரகம் செய்யாதே என்றும் இருக்கிறது. நீங்கள் படிக்கும்போது அது உங்களுக்கும் உங்கள் ஆண்டவருக்கும் உள்ள உடன்படிக்கை. அவன் படிக்கும்போது அது பள்ளிக்கூடத்து விதி. தன் வீட்டில் அந்த விதியை மீறுகிறோம் என்று புரிந்துகொண்டான். டீச்சர் திட்டுவாரா என்று அவன் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. அந்த வயதில் இதைவிடச் சரியாக யாராலும் வாசித்திருக்க முடியாது.

உங்கள் முதல் கேள்வி, என் வேதம் சுவரில் இருப்பதில் என்ன தப்பு என்பது. இருப்பது உங்கள் வேதம்தானா என்று முதலில் பாருங்கள். ஓய்வுநாள் பள்ளியில் யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தை மனப்பாடம் செய்திருப்பீர்கள். "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்துதேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே" என்றுதான் அது தொடங்கும். டெக்சஸ் சட்டமன்றம் நிர்ணயித்த வாசகத்தில் எகிப்து இல்லை, அடிமைத்தன வீடும் இல்லை. "உன் தேவனாகிய கர்த்தர் நானே" என்பதோடு நறுக்கிவிட்டார்கள். யூதர்களுக்கு அந்த விடுதலை வாக்கியமே முதல் கட்டளை. கத்தோலிக்கர்கள் விக்கிரகத்தைத் தனிக் கட்டளையாக எண்ணுவதில்லை. முதல் கட்டளைக்குள்ளேயே அடக்கிவிட்டு, கடைசியில் பிறர் மனைவி, பிறர் உடைமை என்று இரண்டாகப் பிரிப்பார்கள். பாளையங்கோட்டையில் ஒரே தெருவில் ஆர்.சி. வீட்டுப் பிள்ளையும் சி.எஸ்.ஐ. வீட்டுப் பிள்ளையும் கட்டளைகளை வேறு வேறு எண்ணில் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவள் நான். யாருடைய எண்ணிக்கை சரி என்று அங்கே எந்தத் தாசில்தாரும் தீர்ப்புச் சொன்னதில்லை. டெக்சஸில் சட்டமன்றமே வாசகத்தை எழுதிக் கொடுத்துவிட்டது.

அரசு அப்படி எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1859இல் பாஸ்டனில் நடந்தது ஒன்று போதும். எலியட் பள்ளி என்ற அரசுப் பள்ளி. மாணவர்கள் பத்துக் கட்டளைகளைப் புராட்டஸ்டண்ட் வாசகத்தில் சத்தமாக ஒப்பிக்க வேண்டும். தாமஸ் வால் என்ற கத்தோலிக்கப் பையன், பத்து பதினோரு வயது இருக்கும், எங்கள் வீட்டு வாசகம் வேறு, இதைச் சொல்ல மாட்டேன் என்றான். ஆசிரியர் பிரம்பை எடுத்து ஏறக்குறைய அரை மணி நேரம் அவன் கைகளில் அடித்தார். நூற்றுக்கணக்கான கத்தோலிக்கப் பையன்கள் அந்தப் பள்ளியை விட்டுப் போனார்கள். ஆசிரியர் மேல் போட்ட வழக்கு தள்ளுபடியானது. அடி வாங்கிய பிள்ளையும் கிறிஸ்தவன், அடித்தவரும் கிறிஸ்தவர், ஒப்பிக்கச் சொன்னதும் இதே பத்துக் கட்டளைதான். அதற்கு 15 வருஷம் முன்னால், 1844இல், பள்ளியில் எந்த வேதாகமத்தை வாசிப்பது என்ற தகராறு பிலடெல்பியாவில் கலவரமாகிக் கத்தோலிக்கத் தேவாலயங்கள் எரிந்தன.

இந்தத் தேசம் கிறிஸ்தவ நாடாக உண்டானதா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் போதகர் சொல்வதில் ஒரு பாதி உண்மை. குடியேறிய மக்களில் பெரும்பாலோர் புராட்டஸ்டண்டுகள். 1791இல், அரசு எந்த மதத்தையும் நிலைநாட்டக்கூடாது என்ற அரசமைப்பின் முதல் திருத்தம் வந்த பிறகும் கனெக்டிகட் 1818 வரைக்கும், மாசசூசெட்ஸ் 1833 வரைக்கும் அரசாங்க ஆதரவுச் சபைகளை வைத்திருந்தன. முதல் திருத்தம் அப்போது மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தியது. மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1940களில்தான். இதையெல்லாம் மறைத்துவிட்டு வாதாடுவது நேர்மையில்லை.

மறுபாதி இது. 1787இல் எழுதிய அரசமைப்புச் சட்டத்தில் கிறிஸ்துவின் பெயர் இல்லை. எந்தப் பதவிக்கும் மதச் சோதனை வைக்கக்கூடாது என்று ஆறாவது பிரிவு சொல்கிறது. உள்நாட்டுப் போர் நடந்த 1860களில் சில போதகர்கள் தேசியச் சீர்திருத்தச் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்து, கிறிஸ்துவின் பெயரைச் சட்டத்தில் சேர்க்கத் திருத்தம் கேட்டார்கள். ஏற்கெனவே இருந்ததைச் சேர்க்கச் சொல்லி யாரும் மனுப் போட மாட்டார்கள். அது நிறைவேறவும் இல்லை. உங்கள் மகள் காலையில் சொல்லும் கொடி உறுதிமொழியில் கடவுள் வந்தது 1954இல். கடவுளை நம்புகிறோம் என்ற வாசகம் தேசிய முழக்கமானது 1956இல். இரண்டும் சோவியத் பனிப்போர்க் காலத்து வரவு.

இந்த மதச் சுதந்திரத்தை முதலில் கேட்டுச் சிறைக்குப் போனவர்கள் யார் என்பதை உங்களுக்குச் சொல்ல எனக்கு விசேஷக் காரணம் இருக்கிறது. நீங்கள் பிறந்த சபையின் வேர் இங்கிலாந்துத் திருச்சபை. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகும் வரை திருநெல்வேலித் திருமண்டலம் ஆங்கிலிக்கன் திருமண்டலம்தான். அதே இங்கிலாந்துத் திருச்சபை, விடுதலைக்கு முந்திய வர்ஜீனியாவில் அரசாங்கச் சபை. குருமார் சம்பளம் வரிப்பணத்தில். உரிமம் வாங்காமல் பிரசங்கித்த பாப்டிஸ்ட் போதகர்களைப் பிடித்து உள்ளே தள்ளினார்கள். ஜேம்ஸ் ஐயர்லாந்து என்ற போதகர் 1769-70இல் கல்பெப்பர் ஊர்ச் சிறையில் கிடந்தார். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்றே பிரசங்கம் செய்தார். வெளியே ஜனம் கூடியது. அவர் வாயை மூடக் கந்தகத்தையும் மிளகாயையும் கொளுத்தி அறைக்குள் புகை விட்டார்கள் என்று தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்.

பக்கத்து மாவட்டம்தான், பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜேம்ஸ் மேடிசனுக்குச் சொந்த ஊர். 1774 ஜனவரியில், 22 வயதில், நண்பருக்கு எழுதிய கடிதத்தில், அடுத்த மாவட்டத்தில் ஐந்தாறு நல்ல மனிதர்கள் தங்கள் மத நம்பிக்கையைச் சொன்னதற்காகச் சிறையில் கிடக்கிறார்கள் என்று பொருமியிருக்கிறார். அந்தக் கோபம் அவரை விடவில்லை. 1785இல் கிறிஸ்தவப் போதகர்களுக்குச் சம்பளம் கொடுக்க வரி போடும் மசோதா நிலுவையில் இருந்தபோது எதிர்த்து ஒரு மனு எழுதினார். மற்ற மதங்களை ஒதுக்கிக் கிறிஸ்தவத்தை நிலைநாட்டுகிற அதிகாரம், நாளை மற்றக் கிறிஸ்தவப் பிரிவுகளை ஒதுக்கி ஒரே பிரிவை அதே சுலபத்தில் நிலைநாட்டும் என்பது அதன் உயிரான வாதம். அந்த மசோதா செத்தது. 1786இல் வர்ஜீனியாவில் மதச் சுதந்திரச் சட்டம் வந்தது. முதல் திருத்தத்தை வரைந்தவரும் அதே மேடிசன்தான். 1801இல் கனெக்டிகட் டான்பரி ஊர் பாப்டிஸ்டுகள் தங்கள் மத உரிமை மாநில அரசு போடும் பிச்சையாக இருக்கிறது என்று குடியரசுத் தலைவர் ஜெபர்சனுக்கு எழுதினார்கள். சபைக்கும் அரசுக்கும் நடுவே ஒரு மதில் என்று அவர் பதில் எழுதியது 1802 ஜனவரி 1ஆம் தேதி. அந்த மதில் உவமைகூட அவர் சொந்தச் சரக்கு இல்லை. 1644இலேயே ரோஜர் வில்லியம்ஸ், சபை ஒரு தோட்டம், உலகம் காடு, நடுவே மதில் வேண்டும் என்று எழுதியிருந்தார். தோட்டத்தைக் காட்டிடமிருந்து காப்பாற்றத்தான் அவர் மதில் கேட்டார். மாசசூசெட்ஸ் அவரை நாடு கடத்தியிருந்தது. அமெரிக்காவின் முதல் பாப்டிஸ்ட் சபையை ஆரம்பித்தவர் அவர்.

ஆக, பிறந்த சபை சிறை வைத்த தரப்பின் வழியில் வந்தது, இப்போது போகும் சபை சிறையில் கிடந்த தரப்பின் வழியில் வந்தது. அந்த வழக்கு முழுவதும் உங்கள் ஒரு வீட்டுக்குள் இருக்கிறது. உங்கள் போதகரிடம் பேச வாய்ப்பு அமைந்தால் டல்லாஸ் பர்ஸ்ட் பாப்டிஸ்ட் சபையில் 1897 முதல் 1944 வரை போதகராக இருந்த ஜார்ஜ் ட்ரூயட்டைப் பற்றிக் கேளுங்கள். 1920 மே மாதம் வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடப் படிகளில் நின்று மதச் சுதந்திரத்தைப் பற்றிப் பேசினார் அவர். சகித்துக்கொள்வது சலுகை, சுதந்திரம் உரிமை என்றார். உங்கள் ஊர்க்காரர், உங்கள் சபைக்காரர். அவரைக் காட்டிப் பேசினால் உங்களை அந்நியர் என்று யாரும் தள்ளிவிட முடியாது.

கிறிஸ்தவ தேசியவாதம் என்ற சொல்லை நீங்கள் எழுதவில்லை, எழுதத் தயங்கியிருப்பீர்கள். உங்கள் மதத்தைத் திட்டுகிற சொல்லாகக் காதில் விழும். அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். விசுவாசத்தின்படி வாழ்வதும், அதை வைத்து ஓட்டுப் போடுவதும், தெருவில் சொல்வதும் அந்தச் சொல்லுக்குள் வராது. மார்ட்டின் லூதர் கிங் பேசியதெல்லாம் பிரசங்கமே. இந்த நாடு சட்டப்படி கிறிஸ்தவர்களுக்குச் சொந்தம், அரசு அவர்களை முதல் வரிசையில் உட்கார வைக்க வேண்டும், மற்றவர்கள் விருந்தாளிகள் என்று சொல்கிறபோதுதான் அது கிறிஸ்தவ தேசியவாதம். அதை எதிர்க்க 2019இல் ஓர் இயக்கம் தொடங்கியவர்களும் பாப்டிஸ்டுகளே. ஹூஸ்டன் பக்கம் சுகர்லேண்டில் அஷ்டலக்ஷ்மி கோயில் வளாகத்தில் 90 அடி அனுமன் சிலை இருக்கிறதே, சொந்த நிலத்தில், சொந்தக் காசில் வைத்தது. 2025 செப்டம்பரில் செனட் தேர்தலுக்கு நின்ற ஒருவர், பொய்த் தெய்வத்தின் பொய்ச் சிலையை ஏன் டெக்சஸில் அனுமதிக்கிறோம், நாம் கிறிஸ்தவ தேசம் என்று வெளிப்படையாக எழுதினார். வகுப்பறைப் போஸ்டருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். எதிர்வீட்டுப் பையன் அலமாரிக் கதவைச் சாத்தினான். இவர் கோயில் கதவைச் சாத்தச் சொல்கிறார். போஸ்டரில் இருக்கிற அதே வசனத்தை வைத்துத்தான் இருவரும் அங்கே வந்து சேர்ந்தார்கள்.

உங்கள் சித்தப்பா ஏன் பேசாமல் இருந்தார் என்று நான் ஊகித்துச் சொல்வது முறையல்ல. ஆனால் வட மாநிலங்களில் ஊழியம் செய்கிறவர்கள் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்கும் உங்களுக்கும் தெரியும். இது எங்கள் நாடு, நீ இங்கே ஜெபக்கூட்டம் நடத்தாதே. அங்கே அவரைக் காப்பாற்ற இருப்பது இந்திய அரசமைப்பின் 25ஆம் பிரிவு. பெரும்பான்மையின் மதம் எதுவாக இருந்தாலும் அரசு யாருடைய மனசாட்சியிலும் கை வைக்கக்கூடாது என்பதுதான் அதன் சாரம். அங்கே அது வேண்டும், இங்கே வேண்டாம் என்று ஒரு குடும்பம் இரண்டு நாக்கால் பேச முடியாது. இதே அளவுகோலை எதிர்ப்பக்கமும் வைக்கிறேன்: அங்கே பெரும்பான்மை மதத்தை அரசு தூக்கிப் பிடிப்பதை ரசித்துக்கொண்டு, இங்கே மதச்சார்பின்மை பேசும் நம்மவர்களிடமும் இதையே சொல்லி வருகிறேன். அவர்களில் சிலருக்கு என் மேல் வருத்தம் உண்டு.

என் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒன்று சொல்லவா? சைவக் குடும்பத்துப் பெண் நான். படித்தது பாளையங்கோட்டையில் அரசு உதவி பெறும் ஒரு மிஷன் பள்ளியில். வாசலில் சிலுவை, ஹாலில் வசனம். வேதபாட வகுப்புக்கு மணி அடித்தால் கிறிஸ்தவப் பிள்ளைகள் ஒரு பக்கம் போவார்கள், நாங்கள் நீதிபோதனை வகுப்புக்குப் போவோம். நெற்றியில் இருந்த திருநீற்றை யாரும் அழிக்கச் சொன்னதில்லை. இந்திய அரசமைப்பின் 28ஆம் பிரிவு சொல்வதும் அதுதான்: முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மத போதனையே கூடாது, அரசு உதவி பெறும் பள்ளியில் சம்மதமில்லாத பிள்ளையைக் கட்டாயப்படுத்தக் கூடாது. மிஷன் பள்ளி ஹாலில் வசனம் இருந்தது எனக்கு உறுத்தவில்லை. அந்தச் சுவர் சபையின் சுவர். என் அப்பா தெரிந்தே சேர்த்தார். டெக்சஸ் அரசுப் பள்ளியின் சுவர் எதிர்வீட்டு அக்காவின் வரியிலும் எழும்பியது.

இனி சட்டம் இப்போது எங்கே நிற்கிறது என்பது. இதை 2025 டிசம்பரில் எழுதுகிறேன். மாறக்கூடியது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1978இல் கென்டக்கி இதே மாதிரிச் சட்டம் கொண்டுவந்து, 1980இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பு இன்னும் நிற்கிறது. டெக்சஸ் சட்டமன்ற வளாகத்தில் இருக்கும் பத்துக் கட்டளைக் கல்லை 2005இல் இருக்கட்டும் என்று விட்டார்கள். ஆனால் தீர்மானிக்கும் ஓட்டைப் போட்ட நீதிபதி பிரேயர், சின்னப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி வேறு விஷயம் என்று பிரித்துச் சொன்னார். பிறகு 2022இல், விளையாட்டு மைதானத்தில் ஜெபித்த பயிற்சியாளர் வழக்கில், உச்ச நீதிமன்றம் தன் பழைய அளவுகோலைக் கைவிட்டு வரலாற்றையும் மரபையும் பார்க்கச் சொன்னது. 1980 தீர்ப்பின் காலடி மண் கரைந்துவிட்டது என்று டெக்சஸ் வாதாடுவது அதை வைத்துத்தான். அது வெறும் வாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2025 ஆகஸ்ட் 20ஆம் தேதி சான் அன்டோனியோ நீதிபதி பிரெட் பியரி பிளேனோ, போர்ட் பெண்ட் உள்ளிட்ட 11 பள்ளி மாவட்டங்களில் (அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகங்கள்) போஸ்டருக்குத் தடை விதித்தார். நவம்பர் 18ஆம் தேதி நீதிபதி ஆர்லாண்டோ கார்சியா பிரிஸ்கோ, மெக்கின்னி உள்ளிட்ட 14 மாவட்டங்களில் மாட்டியதைக் கழற்றச் சொன்னார். வழக்குப் போட்ட குடும்பங்களில் யூதர்கள், இந்துக்கள், மதமில்லாதவர்கள் இருக்கிறார்கள். கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். மேல்முறையீட்டை ஐந்தாம் வட்டார நீதிமன்றம், லூசியானாவின் இதே மாதிரி வழக்கோடு சேர்த்து 2026 ஜனவரியில் முழு அமர்வாக விசாரிக்க இருக்கிறது. யார் ஜெயிப்பார்கள் என்று என்னிடம் பந்தயம் கேட்காதீர்கள்.

உங்கள் கடிதத்தைப் பார்த்தால் உங்கள் மாவட்டம் இரண்டு பட்டியலிலும் இல்லை என்று தெரிகிறது. அப்படியானால் நீங்கள் கேட்டதும் பிரின்சிபால் போஸ்டரைக் கழற்ற மாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. சட்டம் அவர் கையைக் கட்டியிருக்கிறது. ஆனால் சட்டம் சொல்வது மாட்டச் சொல்லித்தான். அதைப் பாடமாக நடத்தவோ, பிள்ளைகளைச் சத்தமாக வாசிக்க வைக்கவோ அது சொல்லவில்லை. அதைச் செய்ய வேண்டாம், ஒரு பிள்ளையின் வீட்டு வழிபாட்டைப் பற்றி வகுப்பில் பேச்சு வந்தால் ஆசிரியர் இன்ன மாதிரி கையாள வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். இதில் எதிர்வீட்டுக் குடும்பத்துக்கு ஒரு புதுப் பலமும் வந்திருக்கிறது. 2025 ஜூன் மாதம் மேரிலாந்து வழக்கொன்றில், மத நம்பிக்கைக்கு முரணான கதைப் புத்தகங்கள் வாசிக்கப்படும்போது பிள்ளைகளை விலக்கி வைக்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்குப் போட்டவர்கள் முஸ்லிம், கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் பெற்றோர். அந்த உரிமை இந்துப் பெற்றோருக்கும் அதே அளவு உண்டு.

பையனுக்கு இன்னொன்றும் சொல்லச் சொல்லுங்கள். டெக்சஸில் நீட்வில் என்ற ஊரில் மழலை வகுப்புப் பையன் ஒருவன், பூர்வகுடிக் குடும்பம், மத நம்பிக்கைக்காக முடியை நீளமாக வளர்த்திருந்தான். பள்ளி முடியாது என்றது. 2010இல் அதே ஐந்தாம் வட்டார நீதிமன்றம் டெக்சஸ் மதச் சுதந்திரச் சட்டத்தைக் காட்டிப் பையன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. திருநீறு பூசிக்கொண்டு போகவும், கயிறு கட்டிக்கொண்டு போகவும், பிள்ளையார் படத்தைப் பென்சில் டப்பாவில் ஒட்டவும் அவனுக்குச் சட்டத்தின் காவல் இருக்கிறது. டீச்சர் திட்ட மாட்டார், திட்டவும் கூடாது.

உங்கள் மகளுக்கும் அதே காவல். சாப்பிடுமுன் ஜெபிக்கலாம், வேதாகமம் கொண்டுபோகலாம், பள்ளி முடிந்த பிறகு வேதாகமக் குழு கூடலாம். 2001இல் உச்ச நீதிமன்றம் அதை ஆரம்பப் பள்ளிக்கே உறுதி செய்தது. பள்ளியிலிருந்து கடவுளை வெளியேற்றிவிட்டார்கள் என்று சபையில் யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். பிள்ளைகள் தாங்களாகச் செய்வதை எவரும் தடுக்கவில்லை. அரசு முன்நின்று செய்வதற்குத்தான் தடை.

அவசரமாக ஒன்று. எஸ்.பி. 11 என்று இன்னொரு சட்டம் இருக்கிறது. பள்ளிகளில் தினமும் ஜெபத்துக்கும் மத நூல் வாசிப்புக்கும் நேரம் ஒதுக்கும் கொள்கையை ஏற்பதா வேண்டாமா என்று ஒவ்வொரு ஸ்கூல் போர்டும் 2026 மார்ச் 1ஆம் தேதிக்குள் ஓட்டெடுக்க வேண்டும். ஏற்றால், சேர விரும்பும் பிள்ளையின் பெற்றோர் ஒரு சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கொள்கையால் வரும் எந்தப் பிரச்சினைக்கும் வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்ற வாசகமும் அந்தப் படிவத்தில் சேர்ந்தே வரும். சுற்றுலா அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போடுகிற வேகத்தில் இதில் போட்டுவிடாதீர்கள். சபையில் மற்ற அம்மாமார்களிடமும் சொல்லுங்கள். ஜெபத்தை ஆதரிக்கிறவர்களுக்கும் இது தெரிய வேண்டும்.

மறுதலிப்பது ஆகாதா என்று கேட்டீர்கள். நான் சபைக்காரி இல்லை. வேத வியாக்கியானம் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. வழக்குகளில் பார்த்ததைத்தான் சொல்ல முடியும். 2000ஆம் ஆண்டில் டெக்சஸில் சாண்டா பே என்ற ஊரில், கால்பந்துப் போட்டிக்கு முன் ஒலிபெருக்கியில் ஜெபம் சொல்லும் ஏற்பாட்டை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனவர்கள் ஒரு மார்மன் குடும்பமும் ஒரு கத்தோலிக்கக் குடும்பமும். ஜெயித்தார்கள். அவர்கள் ஜெபிக்காதவர்கள் அல்ல. தங்கள் பிள்ளைகள் எப்படி ஜெபிக்க வேண்டும் என்பதை பள்ளி நிர்வாகம் எழுதிக் கொடுப்பதைப் பொறுக்காதவர்கள். இந்த வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கிறேன். மதச் சுதந்திரம் கேட்டு என் அறைக்கு வந்தவர்களில் நம்பிக்கை குறைந்தவர் என்று ஒருவரைக்கூட எனக்கு நினைவில்லை.

அந்த 50 டாலருக்காக வருத்தப்பட்டுக்கொண்டே இருக்க வேண்டாம். அன்பால் கொடுத்தீர்கள். அதை எதிர்வீட்டு அக்காவிடம் மறைக்கவும் வேண்டாம், நீங்களே சொல்லிவிடுங்கள். சட்டம் பேசப் போகாதீர்கள். கிறிஸ்துமஸ் பலகாரத் தட்டோடு போங்கள், எங்கள் பக்கத்து வழக்கப்படி அச்சு முறுக்கும் அதிரசமும் இருக்கட்டும். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தப் பையன் அலமாரிக் கதவைச் சாத்த எழுந்தால், பிள்ளையாரைப் பார்க்கலாமா என்று உங்கள் மகள் கேட்கட்டும். கும்பிடச் சொல்லி யாரும் கேட்கப் போவதில்லை. அவன் வீட்டுக் கதவு திறந்திருப்பதில் உங்கள் வீட்டுக்கு ஒரு சங்கடமும் இல்லை என்று அவனுக்குத் தெரிய அது போதும்.

பிறகு ஸ்கூல் போர்டு கூட்டம். எஸ்.பி. 11 ஓட்டெடுப்பு எந்தத் தேதியில் என்று மாவட்ட இணையதளத்தில் பார்த்து, பேசப் பெயர் கொடுங்கள். பெரும்பாலும் முன்கூட்டியே பதிய வேண்டும், ஆளுக்கு இரண்டு மூன்று நிமிஷம்தான் தருவார்கள். வழக்குப் பெயர்களை அடுக்க வேண்டாம். நான் பாப்டிஸ்ட் சபைக்குப் போகிற தாய், என் பிள்ளைக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பது என் வேலை, அதை மாவட்டம் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அந்த அறையில் இதை ஒரு இந்துத் தாய் சொல்வதற்கும் நீங்கள் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கும். இருக்கக்கூடாது, ஆனால் இருக்கும். அந்த வித்தியாசத்தை அவர்களுக்காகச் செலவு செய்யுங்கள்.

பிரின்சிபாலுக்கு எழுதும் கடிதத்தை அனுப்புமுன் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், வாசகத்தைச் சேர்ந்து பார்ப்போம். எதிர்வீட்டு அக்கா சம்மதித்தால் அதில் இரண்டு பேர் கையெழுத்தும் இருக்கட்டும்.